வென்ற பிறகு பூத் தொண்டர்களைத் தக்கவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்கு எண்ணிக்கை முடிந்து பட்டாசுச் சத்தம் ஓய்ந்ததும் வேட்பாளருக்கு வேலை தொடங்குகிறது. அவருக்காக வெயிலில் அலைந்தவருக்கு அன்றோடு வேலை முடிந்துபோகிறது. ஊராட்சி வார்டு முதல் சட்டமன்றத் தொகுதி வரை, வென்ற தரப்பில் தொண்டர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

ஜெயித்தாகிவிட்டது. அடுத்த தேர்தலுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாமே, நடுவில் எதற்கு இந்தத் தலைவலி?

கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்ற நினைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து ஆண்டு என்பது ஏட்டுக் கணக்கு. நடுவில் மக்களவைத் தேர்தல் வரும், உள்ளாட்சித் தேர்தல் வரும், யாராவது இறந்தால் இடைத்தேர்தல் வரும். அப்போது பட்டியலோடு தெருவில் இறங்கினால், யார் வீடு மாறிப் போனார், எந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள், எந்தப் பெரியவர் காலமாகிவிட்டார் என்று சொல்வதற்கு அந்தத் தெருவில் ஓர் ஆள் வேண்டும். நான்கு ஆண்டுகளாக நீங்கள் போனை எடுக்காத ஆள் அதைச் சொல்ல மாட்டார்.

1967இல் விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 வாக்குகளில். அவ்வளவு பெரிய மனிதர், சொந்த ஊர், எதிரே நின்றவர் ஒரு மாணவர் தலைவர். அந்த வித்தியாசத்தைப் பூத்துவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு பூத்துக்கு எவ்வளவு சொற்பம் என்பது தெரியும். சொற்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தெருக்காரர்கள்தான்.

பெரிய அளவில் இதை முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். எல்லோரும் எடுத்துச் சொல்லும் உதாரணம் அமெரிக்காவில் 2008இல் பராக் ஒபாமா பெற்ற வெற்றி. அந்தப் பிரச்சாரத்தின் பலம் விளம்பரத்தில் மட்டும் இல்லை. குடியிருப்புப் பகுதிவாரியாகத் தொண்டர் குழுக்களை அமைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி கொடுத்து, முடிவெடுக்கும் பொறுப்பையும் கையில் கொடுத்திருந்தார்கள். பயிற்சியை வடிவமைத்தவர்களில் ஒருவரான மார்ஷல் கான்ஸ், கலிஃபோர்னியாவில் சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தேர்தல் முடிந்தபோது ஒபாமா தரப்பின் கையில் சுமார் 1.3 கோடி மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன.

இவ்வளவு பெரிய படையை என்ன செய்வது? தனி அமைப்பாக வைப்பதா, கட்சிக்குள் கொண்டுபோவதா என்ற கேள்வி எழுந்தது. 2009 ஜனவரியில் 'ஆர்கனைசிங் ஃபார் அமெரிக்கா' என்ற பெயரில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்குள்ளேயே அதை உட்காரவைத்தார்கள். அங்கேதான் கதை மாறியது. கட்சிக்குள் இருக்கும் அமைப்பு, அதே கட்சியின் தயங்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களை எவ்வளவு தூரம் நெருக்க முடியும்? தேர்தலின்போது உள்ளூர் நிலவரத்தைப் பார்த்துத் தாங்களே திட்டமிட்ட குழுக்களுக்கு, இப்போது வாஷிங்டனில் முடிவான ஒன்றை ஆதரித்துத் தொலைபேசியில் பேசுங்கள், கையெழுத்து வாங்குங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. 2009 கோடையில் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி உறுப்பினர்கள் நடத்திய பொதுக் கூட்டங்களில் எதிர்ப்பாளர்களின் குரலே ஓங்கி ஒலித்தது. 2010 ஜனவரியில், எட்வர்ட் கென்னடி பல பத்தாண்டுகள் வைத்திருந்த மாசசூசெட்ஸ் செனட் இடம் கைவிட்டுப் போனது. அதே ஆண்டு நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை அந்தக் கட்சி இழந்தது.

பழி முழுவதையும் தொண்டர் அமைப்பின் தலையில் போடுவது நியாயமில்லை. வேலையின்மை பத்து சதவீதத்தை நெருங்கியிருந்த காலம் அது. காப்பீட்டுச் சட்டம் 2010 மார்ச்சில் நிறைவேறியதில் அந்தத் தொண்டர்களின் உழைப்பும் உண்டு; 2012இல் ஒபாமா மறுபடியும் வென்றார். ஆனால் 2008இல் இருந்த வேகம் 2010இல் தெருவில் இல்லை. கான்ஸே அந்த நவம்பரில் இதை வெளிப்படையாக விமர்சித்து எழுதினார். முகவரிப் பட்டியல் அப்படியே இருந்தது. பட்டியலில் இருந்தவர்களின் வாய்க்கு இருந்த மதிப்புதான் குறைந்திருந்தது.

தொண்டர் விலகுவது களைப்பினால்தானே?

களைப்பு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கவனித்துப் பாருங்கள், அவர் விலகுவது வேறு இடத்தில். பிரச்சாரத்தின்போது வேட்பாளர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணே, இந்தத் தெருவில் நமக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவர் சொன்னதை நம்பி ஊர்வலத்தின் பாதையைக்கூட மாற்றினார்கள். ஜெயித்த பிறகு அதே எண்ணுக்கு அழைத்தால் உதவியாளர் எடுக்கிறார். "மீட்டிங்கில் இருக்கிறார், சொல்லிவிடுகிறேன்." மூன்றாவது முறை அழைக்க எந்த மானமுள்ள மனிதரும் தயங்குவார்.

அவருக்குப் பணம் வரவில்லை என்று வருத்தம் இருக்கலாம். மேடையில் பெயர் சொல்லவில்லை என்றும் வருத்தம் இருக்கலாம். அவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டால், பொன்னாடை போர்த்தியும் அவர் நிற்க மாட்டார். தன் தெருவைப் பற்றித் தான் சொல்வது இன்னும் எடுபடுகிறதா என்பதுதான் அவர் பார்க்கும் சோதனை.

முதல் மாதத்தில் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

நன்றி அறிவிப்புக்குத் திறந்த வாகனத்தில் போவது மக்களுக்கு. தொண்டர்களுக்கு வேறு ஒன்று வேண்டும். பூத்துவாரியாக, யாராவது ஒருவர் வீட்டில், வென்றவர் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். மாலை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரே கேள்வி: வாக்குக் கேட்கப் போனபோது எந்த வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் உங்களைத் திடுக்கிட வைக்கும். தேர்தல் அறிக்கையில் இருப்பது ஒன்று. தெருவில் கொடுத்த வாக்கு வேறு. "மூன்றாவது சந்துக்குக் குழாய் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன்." "ரேஷன் கடையை இந்தப் பக்கம் மாற்றித் தருவோம் என்றேன்." வேட்பாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் இவை, இனி அந்தத் தொண்டர் தினமும் அதே சந்து வழியாக நடக்க வேண்டியவர். எழுதிக்கொள்ளுங்கள். முடியாதது எது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடியாது என்பதை நீங்கள் நேரில் சொன்னால், அவர் அந்த வீட்டில் போய் விளக்கம் சொல்லிக்கொள்வார். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் அவர் அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பிப்பார்.

ஆளாளுக்குப் பதவி கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். இருக்கும் இடங்கள் சில, கேட்பவர்கள் பலர். "பார்க்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்லி வைப்பது ஓராண்டுக்குத் தாங்கும்; அதற்குள் ஒரே கூட்டுறவுச் சங்கப் பதவியை நாலு பேர் தனக்கென்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

சில இடங்கள் கட்சிக்குப் பங்கிடும் பொருளே அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உங்கள் தொண்டரின் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால், மற்ற பெற்றோர் போல அவர் போட்டியிடட்டும். படிக்கவில்லை என்றால் அந்த நாற்காலிக்குக் கண் வைக்க வேண்டாம்.

ஒப்பந்த வேலை கேட்பவர் தனி ரகம். பினாமி பெயரில் ஒரு சாக்கடைப் பணியை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒரு தொண்டர் குளிர்ந்துவிடுவார், பத்துப் பேர் கணக்குப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்தக் கால்வாய் முதல் மழையில் இடிந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து இடியும். வேலை இல்லாத இளைஞர் ஒருவர் உண்மையான கஷ்டத்தில் கேட்கிறார் என்றால், அவரை வேலைவாய்ப்பு முகாமுக்கும் கடன் உதவித் திட்டத்துக்கும் கைபிடித்து அழைத்துப்போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். அது பிச்சையும் இல்லை, சலுகையும் இல்லை.

மனு வாங்கும் வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைக்கலாமா? தரகர்கள் ஆகிவிடுவார்களே?

ஒப்படைக்கத்தான் வேண்டும். தரகர் ஆகும் அபாயமும் நிஜம்தான். முதியோர் உதவித்தொகைக்கு இவ்வளவு, பட்டா மாறுதலுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் முளைப்பதற்கு ஆறு மாதம் போதும். அதைத் தடுப்பது உபதேசம் அல்ல, ஒரு கணக்கு நோட்டு.

நன்றாக நடந்த ஒரு பேரூராட்சி வார்டில் பார்த்த முறையைச் சொல்கிறேன். நீளவாக்கிலான கணக்கு நோட்டு ஒன்று, டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் வாசகசாலையில் கயிறு கட்டித் தொங்கும். ஒரு வரிக்கு ஒரு மனு: தேதி, தெரு, என்ன கோரிக்கை, எந்த அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது, ஒப்புகை எண், யார் பின்தொடர்கிறார், என்ன பதில் வந்தது. மனுதாரரின் பெயர் வேறு நோட்டில். நோயும் கடனும் குடும்பச் சண்டையும் தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை. மனு கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து தன் வரியைப் பார்க்கலாம். பச்சை மையில் எழுதினால் முடிந்தது, சிவப்பு மையில் எழுதினால் மறுக்கப்பட்டது, அதற்கான காரணம் பக்கத்தில். கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தால் கேள்வி கவுன்சிலருக்கு வரும், தொண்டருக்கு அல்ல. பணம் கைமாற அங்கே இடமே இல்லை, ஏனென்றால் எந்த மனு எங்கே நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், முதல்வரின் 1100 உதவி எண் போன்ற பொது வழிகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. தொண்டரின் வேலை அந்த வழியில் மக்களை நடத்திக் கூட்டிப்போவது. வழியை மறித்து நின்று "என் மூலம்தான் போக வேண்டும்" என்பவரை, அவர் எவ்வளவு உழைத்தவராக இருந்தாலும், அந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. எதிர்க்கட்சிக்கு வாக்களித்த வீட்டின் மனுவும் அதே நோட்டில், அதே வரிசையில் வர வேண்டும். இதற்குத் தொண்டர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள்.

மரம் நடுவது, ரத்ததானம், குளம் தூர்வாருவது என்று சேவையில் இறக்கிவிட்டால் போதாதா?

நல்ல காரியம். ஆனால் அதுமட்டும் போதாது என்பதற்கு நம்மூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1967 வெற்றிக்குப் பின் முதல்வரான அண்ணா, சீரணி என்ற தொண்டர் படையைத் தொடங்கினார். உடலுழைப்பால் பொதுப்பணி செய்யும் படை அது. சென்னை மெரினாவில் பொதுக்கூட்டங்கள் நடந்த சீரணி அரங்கத்தைப் பழைய தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். பெயர் அந்தப் படையிலிருந்து வந்தது. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தார். சீரணி நிலைக்கவில்லை. அரங்கமும் 2003இல் இடிக்கப்பட்டது. இன்றைக்குப் பெரும்பாலோருக்கு அந்தச் சொல் கடற்கரையில் இருந்த ஒரு மேடையின் பெயர் மட்டுமே.

என் கணிப்பில், தொண்டரின் கைக்கு மட்டும் வேலை கொடுக்கும் திட்டம் அதைத் தொடங்கிய தலைவரின் ஆர்வம் இருக்கும்வரைதான் ஓடும். கேரளத்தில் 1996இல் இடது முன்னணி வென்றபோது வேறு வழியில் போனார்கள். மக்கள் திட்ட இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டார்கள். பணம் வந்ததும் கிராம சபையில் பேச விஷயம் வந்துவிட்டது. வார்டின் தேவைகளைக் கணக்கெடுக்க, விவாதத்தை நடத்த, திட்ட அறிக்கை எழுத ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் அலுவலர்களையும் திரட்டி, மதிப்பீடுகளைச் சரிபார்க்கத் தன்னார்வத் தொழில்நுட்பக் குழு அமைத்தார்கள். கட்சிக்காரர் அல்லாதவர்களும் வந்தார்கள். அடுத்த தேர்தலில், 2001இல், அந்த முன்னணி தோற்றது. ஆட்சி மாறியும் உள்ளாட்சிக்கு நிதி பகிரும் முறை தொடர்ந்தது. தொண்டரைத் தக்கவைத்தால் வெற்றி நிச்சயம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த 2001ஐ நினைவுபடுத்துங்கள்.

உங்களிடம் மாநில நிதி இருக்காது. ஆனால் வார்டுக்கு ஒதுக்கிய தொகையில் எந்தத் தெருவிளக்கு முதலில், எந்தச் சாக்கடை பிறகு என்று முடிவு செய்யும் கூட்டத்தைத் தெருவில் வைத்து நடத்த முடியும். நகர்ப்புற மக்கள் தங்கள் பகுதியில் கூடிப் பேசுவதற்கான வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இலேயே வந்துவிட்டன. அவற்றை ஏட்டிலிருந்து தெருவுக்கு இறக்குவது ஒரு தொண்டர் குழுவுக்கு ஓராண்டு வேலை.

கிராம சபையில் நம்முடைய ஆட்கள் நம்மையே கேள்வி கேட்டால் மானம் போகாதா?

போகாது. பிறர் கேட்பதற்கு முன்னால் உங்கள் ஆள் கேட்டால், பதில் தயாராக இருக்கும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வருகை தர வேண்டும். பல ஊர்களில் வருகைப் பதிவேட்டில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிக்கிறார்கள். வென்ற தரப்பின் தொண்டர்களுக்கு இதைவிட நேரடியான வேலை கிடையாது: தெருவுக்குப் பத்துப் பேரை அழைத்து வருவது, முந்தைய தீர்மானங்களின் நகலை வாங்கி எது நடந்தது எது நடக்கவில்லை என்று படித்துக்காட்டுவது.

ஆளுங்கட்சிக்காரர் கேள்வி கேட்டால் மேலிடத்துக்குப் பிடிக்காது என்ற பயம் ஒன்று இருக்கிறது. ஒபாமாவின் தொண்டர்களுக்கு நடந்தது நினைவிருக்கட்டும். கேட்கக்கூடாது என்று பழக்கப்படுத்திவிட்டால், அப்புறம் எதிர்க்கட்சி கேட்கும்போது எழுந்து பதில் சொல்லவும் அவர்களுக்கு நா எழாது.

நமக்கு எதிராக வேலை பார்த்தவர்கள் இப்போது சால்வையோடு வந்து சேர்கிறார்கள். பழைய தொண்டர்கள் கொதிக்கிறார்கள்.

கொதிக்காமல் என்ன செய்வார்கள்? தேர்தலன்று பூத் வாசலில் இவரோடு மல்லுக்கு நின்றவர், மூன்று மாதத்தில் சட்டமன்ற உறுப்பினரின் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். பணபலம் உள்ளவராக இருந்தால் இன்னும் வேகம். தொண்டர் அமைப்பைச் சாகடிக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்ல அரசியலில் முடியாது. ஆனால் சில வரம்புகள் வைக்கலாம். சேர்ப்பதற்கு முன் அந்தப் பகுதியின் பூத் குழுவிடம் கேளுங்கள். சம்மதம் கேட்பதாக இல்லாவிட்டாலும், செய்தியாகவாவது முதலில் அவர்கள் காதுக்குப் போகட்டும். பத்திரிகையில் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவமானம் வேண்டாம். புதியவர் முதலில் வாக்காளர் பட்டியல் வேலையிலும் நோட்டு வேலையிலும், பழையவருக்குக் கீழே, சில மாதம் இருக்கட்டும். உண்மையாக வந்தவர் இருப்பார். ஒப்பந்தத்துக்காக வந்தவர் இரண்டாவது வாரமே சலித்துப்போவார்.

தேர்தல் இல்லாத காலத்தில் வாக்காளர் பட்டியலில் என்ன வேலை இருக்கிறது?

நிறைய. பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா என்று கணக்கிடும் தகுதி நாட்கள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினெட்டு நிறைகிறவர்களைச் சேர்க்கப் படிவம் 6. இறந்தவர், இடம் பெயர்ந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. கட்சி சார்பில் பூத் நிலை முகவராக நியமிக்கப்பட்டவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளை இப்போதே குறித்துவைத்துக்கொண்டு, உரிய காலத்தில் படிவத்தோடு போங்கள். யாருக்கு வாக்களிப்பார் என்று பார்க்காமல் சேர்த்து விடுங்கள்.

பெண்கள் பிரச்சாரத்துக்கு அவ்வளவு பேர் வந்தார்கள். அப்புறம் காணவே இல்லையே?

எங்கே கூட்டம் போடுகிறீர்கள்? இரவு ஒன்பது மணிக்குக் கட்சி அலுவலக மாடியில் என்றால் யார் வருவார்கள்? தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. தேர்தலில் நிற்கப் பெண் வேண்டும், வென்றதும் கணவர் வந்து தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்காருகிறார். இதைப் பார்க்கும் மற்றப் பெண்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மாலை நான்கு மணிக்கு, மகளிர் குழு கூடும் அதே இடத்தில் வையுங்கள். மனு நோட்டை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வருகிறது, ரேஷனில் எது குறைகிறது என்பதை ஆண்களிடம் கேட்டு எழுதுவது வீண் வேலை.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் இருக்கிறார்களே, அது போதாதா?

காலை வணக்கப் படங்களுக்குப் போதும். தலைவர் பயணத் திட்டத்தை அனுப்ப, மற்றவர்கள் கைகூப்பிய பொம்மையை அனுப்பும் குழுவில் யாரும் எதையும் சொல்வதில்லை. கேள்வி கேட்டவரை நீக்கியிருந்தால், மீதிப் பேர் இருந்தும் இல்லாதவர்கள்தான். பூத்துக்கு ஒரு சிறிய குழு, அதில் வென்றவரே வாரம் ஒருமுறையாவது தன் குரலில் பதில் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர்களின் தொலைபேசி எண்களையும் ஆவணப் படங்களையும் அதில் உலவவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் செலவு?

டீ, நோட்டு, ஜெராக்ஸ், பெட்ரோல். தன் சொந்தப் பணத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு அலையும் தொண்டர் கேட்க மாட்டார். நீங்கள்தான் கேட்டுக் கொடுக்க வேண்டும். வரவு செலவைக் குழுவுக்குக் காட்டுங்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு மூன்றுக்கும் வென்றவர் நேரில் போவது செலவில்லாத விஷயம், அதற்கு ஈடாக எதுவும் இல்லை. சாவு வீட்டுக்கு முதலில் போங்கள்.

போதும் என்று சொல்பவரை என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் படிப்பு, கடை, வயதான பெற்றோர் என்று எல்லோருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. சிலர் அந்த ஒரு வேட்பாளருக்காக, அந்த ஒரு பிரச்சினைக்காக மட்டும் வந்தவர்கள். கட்சிக்காரர் ஆகும் எண்ணம் அவர்களுக்கு முதலிலிருந்தே இல்லை. உறுப்பினர் படிவத்தை நீட்டி அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவர் பார்த்துவந்த பூத்தின் விவரங்களை அடுத்தவரிடம் உட்கார்ந்து ஒப்படைக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பிறகு அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டிலும் நின்று, நிலவரம் எப்படி என்று கேட்டுவிட்டு வாருங்கள்.